எல் ஃபாரோ, 2015: விதிப்படி எல்லாம் இருந்த கப்பலின் அபாயச் செய்தி

2015 அக்டோபர் 1 காலை, பஹாமாஸ் தீவுக்கூட்டத்தின் அக்லின்ஸ், குருக்கட் தீவுகளுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 40 கடல் மைல் தொலைவில், ஹோவாக்கின் சூறாவளியின் மையத்தை ஒட்டிய கடலில், எல் ஃபாரோ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் 33 பேருடன் மூழ்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் கடலோரக் காவல்படையின் விசாரணைக் குழுவும் இந்த விபத்தைத் தனித்தனியே ஆராய்ந்து 2017இல் தம் முடிவுகளை வெளியிட்டன. கேப்டன் புயலின் பாதையிலிருந்து போதிய அளவு விலகாதது, கிடைத்த தகவல்களில் புதியதைப் பயன்படுத்தாதது, பணியாளர்களை ஒன்றுதிரட்டத் தாமதித்தது ஆகியவற்றை வாரியம் முதன்மைக் காரணமாகக் கூறியது. நிறுவனத்தின் மேற்பார்வைக் குறை, திறந்துகிடந்த மூடி வழியே சரக்கறைக்குள் புகுந்த நீர், உயவெண்ணெய் அழுத்தம் குறைந்து எஞ்சின் நின்றது ஆகியவற்றை உடன்காரணங்களாகச் சேர்த்தது.

இந்தக் கட்டுரை அவற்றுள் எதையும் மறு விசாரணைக்கு எடுக்கவில்லை. கப்பலின் அபாயகால வானொலிக் கருவிகளும் அவற்றை வைத்திருக்கச் சொன்ன விதிகளும் அந்த இரவில் எப்படிச் செயல்பட்டன என்ற ஒரு சரடை மட்டும் பின்தொடர்கிறது. வானொலி சார்ந்த கடல் விபத்துகளில் வழக்கமாகக் கருவி இல்லாமலிருக்கும், பழுதாகியிருக்கும், அல்லது அணைக்கப்பட்டிருக்கும். எல் ஃபாரோவில் நிலைமை வேறு. மூன்று வெவ்வேறு கருவிகளிலிருந்து அபாயக் குறிப்பு கரையை அடைந்தது. வானிலை எச்சரிக்கையைப் பெறும் கருவியும் இரவு முழுவதும் ஒழுங்காக வேலை செய்தது. ஆகவே இங்கே சோதனைக்கு உள்ளாவது விதியே: அது எதைக் கேட்டது, எதைக் கேட்காமல் விட்டது?

கப்பலும் விதியும்

எல் ஃபாரோ 1975இல் பென்சில்வேனியாவில் கட்டப்பட்டது. நீராவிச் சுழலியால் இயங்கிய, ஏறத்தாழ 240 மீட்டர் நீளமுள்ள கப்பல் அது. 1993இல் நடுவில் வெட்டி நீட்டப்பட்டது; 2006 அளவில் மேல்தளத்தில் கன்டெய்னர்களை ஏற்றும்படி மாற்றப்பட்டது. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லிலிருந்து போர்ட்டோ ரிக்கோவின் சான் யுவானுக்கு வாரந்தோறும் செல்லும் வழக்கமான தடத்தில் 2015 செப்டம்பர் 29 இரவு அது புறப்பட்டது. கப்பலில் அமெரிக்கப் பணியாளர்கள் 28 பேரும், கப்பலிலேயே தங்கிப் பராமரிப்பு வேலை பார்த்துவந்த போலந்துத் தொழிலாளர்கள் 5 பேரும் இருந்தனர்.

இத்தகைய கப்பல் எந்த வானொலிக் கருவிகளை வைத்திருக்க வேண்டும் என்பதை, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸின் நான்காம் அத்தியாயம் வகுக்கிறது. 1988இல் ஏற்கப்பட்டு, 1992 பிப்ரவரி 1 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 1999 பிப்ரவரி 1இல் முழுமை பெற்ற உலகளாவிய கடல் அபாய, பாதுகாப்பு அமைப்பு, அதாவது கடலோடிகள் சுருக்கமாகச் சொல்லும் ஜிஎம்டிஎஸ்எஸ், அந்த அத்தியாயத்தின் அடித்தளம். அதற்கு முன் பெரிய கப்பல்களில் மோர்ஸ் தெரிந்த வானொலி அதிகாரி ஒருவர் 500 கிலோஹெர்ட்ஸில் காதை வைத்துக்கொண்டிருப்பார். அருகிலுள்ள கப்பல்கள் கேட்டு உதவிக்கு வரும் என்பதே அந்தப் பழைய ஏற்பாட்டின் நம்பிக்கை. புதிய அமைப்பு இந்த நம்பிக்கையைக் கரையின் பக்கம் திருப்பியது. அபாயக் குறிப்பு முதலில் கரையிலுள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போக வேண்டும், மையம் கப்பல்களையும் விமானங்களையும் ஏவ வேண்டும். தனி வானொலி அதிகாரியின் இடத்தை, சான்றிதழ் பெற்ற கப்பல் அதிகாரிகளே இயக்கும் தானியங்கிக் கருவிகள் எடுத்துக்கொண்டன.

எந்தக் கருவி வேண்டும் என்பது கப்பலின் அளவைவிட அது ஓடும் கடற்பகுதியைப் பொறுத்தது. விஎச்எஃப் என்ற குறுந்தூர வானொலியின் கரை நிலையம் எட்டும் தூரத்துக்குள் இருந்தால் ஏ1, நடு அலை நிலையம் எட்டும் தூரத்துக்குள் ஏ2, அதற்கும் அப்பால் புவிநிலைச் செயற்கைக்கோள் தெரியும் பரப்பு ஏ3, துருவங்களை ஒட்டியது ஏ4. ஏ3 வரை செல்லும் கப்பலுக்கு 70ஆம் சேனலில் டிஎஸ்சி வசதியுள்ள (அபாயக் குறிப்பை எண்முறையில் தானாக அனுப்பும்) விஎச்எஃப், 2187.5 கிலோஹெர்ட்ஸில் டிஎஸ்சி வசதியுள்ள நடு அலை வானொலி, இன்மார்சாட் என்ற செயற்கைக்கோள் சேவையின் முனையம் அல்லது உயர் அதிர்வெண் வானொலி, கரையிலிருந்து வரும் எச்சரிக்கைகளை எழுத்தாகப் பெறும் 518 கிலோஹெர்ட்ஸ் நாவ்டெக்ஸ், செயற்கைக்கோள் வழி எச்சரிக்கைகளைப் பெறும் கருவி, தானாக மிதந்தெழுந்து 406 மெகாஹெர்ட்ஸில் அபாயக் குறிப்பு அனுப்பும் மிதவையான ஈபிர்ப், உயிர்காப்புப் படகுகளுக்கான ரேடார் பதிலொலிக் கருவிகள், கையடக்க விஎச்எஃப்கள் ஆகியவை தேவை. 500 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பலுக்கு இவற்றுள் கையடக்கக் கருவி மூன்று, ரேடார் கருவி இரண்டு. மின்சாரம் போனாலும் வானொலி இயங்கத் தனி மின்கலம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பலிலிருந்து கரைக்கு அபாயக் குறிப்பை அனுப்ப ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகளாவது இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் அனுப்பும் கருவிகளே கண்ணில் படுகின்றன. ஆனால் விதி அதே அழுத்தத்துடன் பெறும் கருவிகளையும் கேட்கிறது. கடல் பாதுகாப்புத் தகவல், அதாவது புயல் எச்சரிக்கைகளும் வழிசெலுத்தல் அறிவிப்புகளும், கப்பலை அடைவது ஜிஎம்டிஎஸ்எஸ்ஸின் அடிப்படைப் பணிகளில் ஒன்று. எல் ஃபாரோவின் கதை அனுப்பும் பாதியில் முடிந்ததே ஒழிய அங்கே தொடங்கவில்லை.

பெறும் பாதி: சாட்-சி அச்சடித்த தாள்கள்

எல் ஃபாரோவின் பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்மாடத்தில், புயலைப் பற்றிய தகவல் இரண்டு வாய்க்கால்களில் வந்தது. ஒன்று, இன்மார்சாட்-சி வழியே தேசியச் சூறாவளி மையத்தின் அறிவிப்புகளைத் தானாகப் பெற்று அச்சடிக்கும் கருவி. பிரிட்ஜில் எல்லாரும் அதைச் சாட்-சி என்றார்கள். விதி கட்டாயமாகக் கேட்டதும் இதைத்தான். அறிவிப்பு வெளியான சற்று நேரத்தில் அது வெறும் எழுத்தாக வரும். அட்சரேகை, தீர்க்கரேகை, காற்றின் வேகம், நகரும் திசை ஆகியவற்றை அதிகாரியே எடுத்து வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று, பான் வாயேஜ் சிஸ்டம் என்ற வணிக வானிலை மென்பொருள். விதி அதைக் கேட்கவில்லை. நிறுவனம் விரும்பி வாங்கியிருந்தது. கோப்பு மின்னஞ்சலில் கேப்டனுக்கு வரும், அவர் அதைப் பிரிட்ஜின் கணினிக்கு அனுப்புவார், திரையில் புயலின் பாதை வண்ணத்தில் விரியும்.

வண்ணப்படம் பார்க்க எளிதாக இருந்தது, ஆனால் பழையதாக இருந்தது. சூறாவளி மையத்தின் அறிவிப்பைச் சேவை நிறுவனம் வாங்கி, பதப்படுத்தி, கோப்பாக்கி அனுப்புவதற்குள் சில மணி நேரம் கழிந்துவிடும். கேப்டன் அதை எப்போது இறக்கிப் பார்க்கிறாரோ, அந்தத் தாமதம் அதற்கு மேல் சேரும். போதாக்குறைக்கு, விபத்துக்கு முந்தைய நாள் வந்த கோப்புகளில் ஒன்று, சேவை நிறுவனத்தின் பிழையால், அதற்கு முன் வந்த கோப்பின் புயல் பாதையையே மறுபடியும் சுமந்துவந்தது. ஹோவாக்கினோ முன்கணிப்புகள் தொடர்ந்து தவறிய புயல். தென்மேற்கே இறங்கிக்கொண்டே வேகமாக வலுத்தது. அப்படிப்பட்ட புயலுக்கு முன் சில மணி நேரப் பழமை என்பது பல பத்து மைல் பிழையாகும்.

கடலடியிலிருந்து மீட்கப்பட்ட பயணத் தரவுப் பதிவுக் கருவியில் கப்பலின் கடைசி 26 மணி நேரப் பேச்சு இருக்கிறது. அதைப் படிக்கும்போது, பிரிட்ஜில் இரண்டு வெவ்வேறு புயல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களோ என்று தோன்றும். செப்டம்பர் 30 இரவு 11:05க்கு மூன்றாம் அதிகாரி, சாட்-சியில் வந்த புதிய நிலையை வரைபடத்தில் குறித்துப் பார்த்துவிட்டு, கேப்டனின் அறைக்குத் தொலைபேசியில் பேசினார். இதே போக்கில் போனால் அதிகாலை 4 மணிக்குப் புயலின் மையத்திலிருந்து 22 மைல் தொலைவில் இருப்போம் என்றார். கேப்டன் போக்கை மாற்றவில்லை. அடுத்துப் பணிக்கு வந்த இரண்டாம் அதிகாரி அதிகாலை 1:20க்கு மறுபடியும் கூப்பிட்டு, தெற்கே திரும்பித் தீவுகளின் மறைவில் செல்லும் வழி ஒன்றைச் சொன்னார். அதற்கும் அதே பதில்தான். கேப்டன் கையிலிருந்த வண்ணப்படத்தில் கப்பல் புயலுக்குத் தெற்கே பத்திரமாகக் கடந்துபோகும். கீழ்நிலை அதிகாரிகளின் கையிலிருந்த தாளில் இரண்டும் ஒரே புள்ளியை நோக்கி நகர்ந்தன. கப்பலின் காற்றுமானி நம்பத்தக்கதாக இயங்கவில்லை என்பதால், வெளியே அடித்த காற்றை அளந்து எது சரி என்று தீர்த்துக்கொள்ளவும் இயலவில்லை. அதிகாலை 5 மணி அளவில், புயலின் மையம் எங்கே இருக்கிறது என்பதில் ஒன்றுக்கொன்று முரணான தகவல்கள் வருகின்றன என்று கேப்டனே குறிப்பிடுவது பதிவில் கேட்கிறது.

முரண் என்ற அந்தச் சொல்லில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். இரண்டு வாய்க்கால்களுக்கும் ஊற்று ஒன்றுதான்: தேசியச் சூறாவளி மையம். ஒன்று புதியது, மற்றொன்று பழையது என்பதைத் தவிர அவற்றுக்குள் முரண் ஏதும் இல்லை. ஒவ்வொரு தகவலும் எந்த நேரத்து நிலையைச் சொல்கிறது என்று பார்த்திருந்தால் அந்தக் குழப்பம் அங்கேயே தீர்ந்திருக்கும். விதி, கருவி இருக்க வேண்டும், இயக்க நிலையில் இருக்க வேண்டும், செய்தி வந்து சேர வேண்டும் என்ற அளவில் நின்றது. வேறொரு வாய்க்காலில் வரும் வசதியான தகவலைவிட இதற்கு முதலிடம் தர வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. நிறுவனத்தின் பாதுகாப்பு நடைமுறைகளிலும் அப்படியொரு ஒழுங்கு இருக்கவில்லை. கட்டாயமான, கட்டணமற்ற, எழுத்தாக மட்டும் வரும் கருவியை விருப்பத்துக்கு வாங்கிய அழகான திரை ஓரங்கட்டியது என்பதே அந்த இரவின் வானொலி வரலாற்றில் மிகப் பெரிய நிகழ்வு. அதற்குப் பின் நடந்தவற்றை எந்த அபாயப் பொத்தானும் பெரிதாக மாற்றியிருக்காது என்றே எண்ணுகிறேன்.

அனுப்பும் பாதி: 6:13 முதல் 7:39 வரை

காலை 5:43 அளவில் மூன்றாம் சரக்கறையில் நீர் புகுந்திருப்பது பிரிட்ஜுக்குத் தெரியவந்தது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சாய்வை மறுபக்கம் மாற்றக் கப்பலைத் திருப்பினார்கள். மாறிய சாய்வில் உயவெண்ணெய் உறிஞ்சும் குழாய்க்கு எண்ணெய் எட்டாமல் போய், 6:13 அளவில் முதன்மை எஞ்சின் நின்றது. வலிமை அளவுகோலில் மூன்றாம் வகையை முந்தின இரவே எட்டிவிட்ட சூறாவளியில், உந்துவிசை இல்லாமல், உள்ளே நீருடன், அலைக்குப் பக்கம் காட்டி ஒரு கப்பல் நிற்கிறது. இதற்குச் சரியாக ஒரு மணி நேரம் கழித்து, 7:13க்குத்தான் முதல் அபாயக் குறிப்பு கப்பலை விட்டுப் புறப்பட்டது.

இடைப்பட்ட நேரத்தில் கேப்டன் கரையோடு பேசாமல் இல்லை. 6:59க்குச் செயற்கைக்கோள் தொலைபேசியில் நிறுவனத்தின் பொறுப்பு அதிகாரியை அழைத்தார். அழைப்பு குரல் பதிவுக்குப் போனது. அவசர அழைப்புகளுக்கென நிறுவனம் அமர்த்தியிருந்த சேவை மையத்தை அடுத்து அழைத்தார். அங்கே பணியில் இருந்தவர் கப்பலின் பெயர், அழைப்பவரின் பெயர், எழுத்துக்கூட்டு, திரும்ப அழைக்க எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேப்டன் சொல்லும் குரல் அந்தப் பதிவில் இருக்கிறது. 7:06 அளவில்தான் பொறுப்பு அதிகாரியோடு பேச முடிந்தது. சரக்கறையில் நீர், எஞ்சின் இல்லை, கடுமையான சாய்வு என்று நிலைமையைச் சொன்ன கேப்டன், பணியாளர்கள் பதறவில்லை, கப்பலைக் கைவிடும் எண்ணம் இல்லை என்றும் சொன்னார். அபாயப் பொத்தான்களை அழுத்தப்போவதாகச் சொல்லி அழைப்பை முடித்தார்.

அந்தச் சேவை மையத்தைக் குறை சொல்வது எளிது. நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைப்பது ஜிஎம்டிஎஸ்எஸ்ஸின் பகுதியே அன்று என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இன்மார்சாட்-சி முனையத்தின் அபாயப் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால், கப்பலின் அடையாளமும், ஜிபிஎஸ் தந்த கடைசி நிலையும், நேரமும் முன்னுரிமையோடு நேரே மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகும். யாரும் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் மூழ்குகிறது என்று இன்னும் ஒப்புக்கொள்ள மனம் வராத கேப்டனுக்காகவும் ஒரு வழி உண்டு. அபாயத்துக்கு ஒரு படி கீழே அவசர அழைப்பு இருக்கிறது. குரலில் பான் பான் என்று மூன்று முறை சொல்லித் தொடங்குவார்கள், டிஎஸ்சியிலும் அதற்கெனத் தனி முன்னுரிமை உண்டு. எஞ்சின் நின்ற 6:13க்கே அப்படி ஒரு அழைப்பை அனுப்ப விதியில் எந்தத் தடையும் இல்லை. பின்னர் நிலைமை சீரானால் அதை விலக்கிக்கொள்ளலாம். கப்பல்தலைவர்கள் பலர் இதைத் தோல்வியை ஒப்புக்கொள்வதாகக் கருதித் தயங்குகிறார்கள் என்பதும், நிறுவனத்திடம் முதலில் பேசிவிட வேண்டும் என்ற பழக்கம் ஆழமானது என்பதும் துறையில் எல்லாரும் அறிந்தவை. ஆனால் பழக்கம் விதியின் வரிசையை மாற்றிவிட்டதன் விலை இந்த வழக்கில் நிமிடக் கணக்கில் பதிவாகியிருக்கிறது.

7:13க்கு இரண்டாம் அதிகாரி பொத்தான்களை அழுத்தினார். இன்மார்சாட்-சி அபாயக் குறிப்பும், கப்பல் பாதுகாப்பு எச்சரிக்கை அமைப்பின் குறிப்பும் கிளம்பின. இந்த இரண்டாவது கருவி கடற்கொள்ளை, ஆயுதத் தாக்குதல் போன்றவற்றுக்காக 2004இல் கட்டாயமாக்கப்பட்டது. அழுத்தியது கப்பலில் வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கும்படி ஓசையின்றிச் செய்தி அனுப்புவதே அதன் இயல்பு. மூழ்கும் கப்பலுக்கான கருவி அது இல்லை என்றாலும், இருப்பது எதுவோ அதை அழுத்தியது சரியே. கடலோரக் காவல்படைக்கு நிறுவனத்தின் வாய்மொழியும் கருவிகளின் குறிப்புகளும் ஏறத்தாழ ஒரே வேளையில் வந்து சேர்ந்தன. செய்தியின் பொருளோ வாய்மொழியின் வழியாகவே புரிந்துகொள்ளப்பட்டது: இயங்க முடியாமல் நிற்கும் கப்பல், நீர் புகுந்திருக்கிறது, கைவிடும் நிலை இல்லை. அந்த மதிப்பீடு உருவாகிக்கொண்டிருந்தபோதே, 7:29க்குக் கேப்டன் கப்பலைக் கைவிட உத்தரவிட்டார். 7:39 அளவில் பதிவுக் கருவி ஓய்ந்தது.

ஈபிர்ப்பின் 24 நிமிடங்கள்

மூன்றாவது குறிப்பு ஈபிர்ப்பிலிருந்து வந்தது, 7:36 அளவில். இந்தக் கருவி கப்பலின் வெளிப்புறத்தில் ஒரு தாங்கியில் பூட்டப்பட்டிருக்கும். கப்பல் மூழ்கி நீரழுத்தம் குறிப்பிட்ட அளவை, அதாவது நான்கு மீட்டர் ஆழத்துக்குள்ளாகவே, எட்டியதும் தாங்கி விடுபட்டு ஈபிர்ப் மேலே மிதந்து வரும், கையாலும் இயக்கலாம். இயங்கத் தொடங்கியதும் 50 நொடிக்கு ஒரு முறை, அரை நொடி நேரம், 5 வாட் ஆற்றலில், தன் அடையாள எண்ணை 406 மெகாஹெர்ட்ஸில் வானுக்கு அனுப்பும். மின்கலம் 48 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது விதி.

அதைக் கேட்கும் காஸ்பாஸ்-சார்சாட் அமைப்பில் 2015இல் முழுச் சேவையில் இருந்தவை இரண்டு வகைச் செயற்கைக்கோள்கள். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பவை ஒரு வகை. அவை குறிப்பை உடனே கேட்டுவிடும், ஆனால் அவற்றுக்கும் மிதவைக்கும் இடையே சார்பு அசைவு இல்லாததால் எங்கிருந்து வருகிறது என்று கணிக்க இயலாது. தாழ்ந்த துருவப் பாதையில் சுற்றுபவை மற்றொரு வகை. நெருங்கும்போதும் விலகும்போதும் அதிர்வெண்ணில் ஏற்படும் மாற்றத்தை வைத்து அவை சில கிலோமீட்டர் துல்லியத்தில் இடத்தைக் கணிக்கும். ஆனால் தலைக்கு மேலே வரும் வரை காத்திருக்க வேண்டும், வெப்பமண்டலக் கடல்களில் அந்தக் காத்திருப்பு ஒரு மணி நேரத்தையும் கடக்கலாம். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஈபிர்ப்புக்குள்ளேயே ஜிபிஎஸ் பெறுவான் வைத்து, அடையாள எண்ணோடு நிலையையும் சேர்த்து அனுப்பும் வகை சந்தைக்கு வந்தது. அப்படியானால் நிற்கும் செயற்கைக்கோள் கேட்ட முதல் குறிப்பிலேயே இடம் தெரிந்துவிடும்.

எல் ஃபாரோவின் ஈபிர்ப்பில் ஜிபிஎஸ் இல்லை. விதி கேட்கவில்லை. நிற்கும் செயற்கைக்கோள் குறிப்பைக் கேட்டது. இன்ன கப்பலின் மிதவை இயங்குகிறது, இடம் தெரியவில்லை என்று கரைக்குத் தகவல் போனது. தாழ்ந்த செயற்கைக்கோள் கணித்துத் தருமுன், ஏறத்தாழ 24 நிமிடங்களில், குறிப்பு நின்றுபோனது. 48 மணி நேரம் ஒலித்திருக்க வேண்டிய கருவி அரை மணி நேரம்கூட ஒலிக்கவில்லை.

இந்த இடத்தில் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். கப்பல் எங்கே இருந்தது என்பது 7:13 குறிப்பாலும் கேப்டனின் அழைப்பாலும் கரைக்குத் தெரிந்தே இருந்தது. ஈபிர்ப்பில் ஜிபிஎஸ் இருந்திருந்தால் 33 பேரில் யாரேனும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அந்தக் கடலில், அந்தக் காற்றில், அன்று முழுவதும் ஹெலிகாப்டர் எதுவும் அங்கே நெருங்கியிருக்க முடியாது. இழப்பு வேறு வகையில் நேர்ந்தது. கப்பலின் கடைசி நிலைக்கும், நீரில் மிதக்கத் தொடங்கிய பொருள்களும் மனிதர்களும் நகர்ந்த திசைக்கும் இடையே ஒரு கண்ணி தேவை. இடம் தெரிந்த மிதவை அந்தக் கண்ணியாக இருந்திருக்கும். அதைவிட முக்கியமாக, ஈபிர்ப் இயங்குகிறது என்பதே கப்பல் முழுகிவிட்டது என்பதற்கான வலுவான அறிகுறி. இடமில்லாத குறிப்பு அந்தச் செய்தியை அரைகுறையாகத்தான் சொன்னது. இயங்க முடியாமல் மிதக்கும் கப்பலைத் தேடுவதற்கும், சிதறிய மனிதர்களைத் தேடுவதற்கும் திட்டம் ஒன்றாக இருக்காது.

அதே புயலின் வீச்சில், ஹெய்ட்டிக்கு வடமேற்கே, மினூஷ் என்ற சிறிய சரக்குக் கப்பலும் மூழ்கியது. ஈபிர்ப் வழியாகத் தகவல் கிடைத்த கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரை அனுப்பி, உயிர்காப்புத் தெப்பத்துக்கு மாறியிருந்த 12 பேரையும் தூக்கிக் காப்பாற்றியது. இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது. மினூஷ் புயல் மையத்திலிருந்து வெகு தொலைவில் இருந்தது. ஆனாலும் ஒன்று தெளிவு: தெப்பத்தில் ஏறி உட்கார நேரம் கிடைத்தவர்களுக்குத்தான் விதி கேட்கும் ரேடார் கருவியும் கையடக்க விஎச்எஃப்பும் கையில் இருக்கும். எல் ஃபாரோவில் கைவிடும் உத்தரவுக்கும் பதிவு ஓய்ந்ததற்கும் இடையே பத்து நிமிடம். 1975இல் கட்டப்பட்டது என்பதால் பழைய விதியின் சலுகையில் மேற்கூரையற்ற திறந்த படகுகளையே அது வைத்திருந்தது. அந்தப் படகுகளுக்கென எடுத்துச்செல்ல வேண்டிய வானொலிகள் சாய்ந்த கப்பலில் யார் கைக்கும் எட்டியிருக்க வாய்ப்பில்லை.

எஸ்டோனியாவில் நேர்ந்ததும் விதி மாறியதும்

கருவி உண்டு, விதிப்படி சரி, பயன் இல்லை என்ற நிலை புதிதன்று. 1994 செப்டம்பர் 28 அதிகாலையில் பால்டிக் கடலில் எஸ்டோனியா பயணிகள் கப்பல் மூழ்கி 852 பேர் இறந்தார்கள். அதன் இரண்டு ஈபிர்ப்புகளும் சில நாள் கழித்து எஸ்டோனியக் கரையோரத்தில் கிடைத்தன. இரண்டும் நல்ல நிலையில், மின்கலத்தில் முழு ஆற்றலோடு, அணைக்கப்பட்டே இருந்தன. தாமாக மிதந்தெழுந்தன, ஆனால் தாமாக இயங்கத் தொடங்காத வகையைச் சேர்ந்தவை; கையால் இயக்க யாருக்கும் நேரம் இல்லை. 16ஆம் சேனலில் வந்த மேடே என்ற அபாய அழைப்பிலும் மின்சாரம் போனதால் தன் நிலையைச் சொல்ல அதிகாரி தடுமாறினார். எஸ்டோனியாவுக்கும் எல் ஃபாரோவுக்கும் இடையே 21 ஆண்டுகள். முதலாவதில் மிதவை வாய் திறக்கவில்லை, இரண்டாவதில் வாய் திறந்தும் இடத்தைச் சொல்லவில்லை. இரண்டு முறையும் விதி கேட்டது கப்பலில் இருந்தது.

எல் ஃபாரோவுக்குப் பின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 53 பரிந்துரைகளை வெளியிட்டது. ஈபிர்ப்புகளில் ஜிபிஎஸ் கட்டாயமாக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையம் 2016இலேயே விதியைத் திருத்தி, நிலையைச் சொல்லாத புதிய வடிவமைப்புகளுக்கு 2018 ஜனவரியிலிருந்து சான்றளிப்பதை நிறுத்தியது. பழையவற்றின் பயன்பாட்டுக்கு 2023 ஜனவரியை எல்லையாக வைத்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2019இல் ஏற்ற தீர்மானத்தின்படி, 2022 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னோ கப்பலில் பொருத்தப்படும் ஈபிர்ப்பில் செயற்கைக்கோள் வழி நிலை அறியும் பெறுவானும், அருகிலுள்ள கப்பல்களின் திரையில் தெரியும்படி ஏஐஎஸ் என்ற தானியங்கி அடையாள முறையின் குறிப்பும் இருக்க வேண்டும். இதற்கிடையே கேட்கும் பக்கமும் மாறியது. ஜிபிஎஸ், கலிலியோ, க்ளோனாஸ் போன்ற நடு உயரச் செயற்கைக்கோள்களில் ஏற்றப்பட்ட புதிய வாங்கிகள் 2016 டிசம்பரில் தொடக்கநிலைச் சேவைக்கு வந்தன. பல செயற்கைக்கோள்கள் ஒரே குறிப்பை ஒரே நேரத்தில் கேட்பதால், ஜிபிஎஸ் இல்லாத மிதவையின் இடத்தையும் அவை சில நிமிடங்களில் கணித்துவிடும். விபத்து பதினைந்து மாதம் தள்ளி நடந்திருந்தால் அந்த 24 நிமிடம் போதுமானதாக இருந்திருக்கும்.

2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சோலாஸ் நான்காம் அத்தியாயத்தின் பெரிய திருத்தம் பழைய அச்சுத் தந்தி முறையை விடுவித்தது; ஏ3 என்பதை இன்மார்சாட்டோடு மட்டும் பிணைக்காமல், கப்பல் எந்த அங்கீகரிக்கப்பட்ட செயற்கைக்கோள் சேவையைப் பயன்படுத்துகிறதோ அதன் பரப்பாக வகுத்தது. தேவையான மாற்றம்தான். ஆனால் எல் ஃபாரோவின் பெறும் பாதியில் நிகழ்ந்ததை இந்தத் திருத்தங்களில் எதுவும் தொடவில்லை. கட்டாயக் கருவியில் வந்த புயல் நிலைக்கும் விருப்பமாக வாங்கிய மென்பொருளில் தெரியும் நிலைக்கும் இடையே வேறுபாடு எழுந்தால் எது முந்தியது என்று தீர்ப்பது இன்றும் கேப்டனின் கையிலும் நிறுவனத்தின் நடைமுறை ஏட்டிலும்தான் இருக்கிறது. கருவியைப் பட்டியலிடும் அத்தியாயத்தில் இதற்கு இடம் தேடுவதில் பயனில்லை என்று வாதிடலாம். அப்படியானால் நிறுவனங்களின் பாதுகாப்பு மேலாண்மை ஏடுகளைத் தணிக்கை செய்பவர்கள் அதைத் தேட வேண்டும்.

இன்னொரு பரிந்துரையும் அரைகுறையாகவே நிற்கிறது. தேடுதலின்போது அக்டோபர் 4 அன்று, நீரில் மூழ்காத உடையில் மிதந்த ஒருவரின் உடலை ஹெலிகாப்டர் குழு கண்டது. வேறிடத்தில் உயிரோடு ஒருவர் இருக்கக்கூடும் என்ற தகவல் வரவே, இடத்தை அடையாளப்படுத்த ஒரு மிதவையை இறக்கிவிட்டு அங்கே விரைந்தது. அந்த மிதவை வேலை செய்யவில்லை. திரும்பி வந்தபோது உடலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பெருங்கடலில் செல்லும் கப்பலின் ஒவ்வொரு பணியாளருக்கும் தனித்தனி இடங்காட்டி வேண்டும் என்று வாரியம் கேட்டதற்கு இந்த நிகழ்வும் பின்னணி. சோலாஸ் இன்றும் அதைக் கேட்பதில்லை. உடையில் செருகிக்கொள்ளும் அளவில், 406 மெகாஹெர்ட்ஸிலேயே இயங்கும் அந்தக் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. சில நிறுவனங்கள் தாமே வாங்கிக் கொடுக்கின்றன.

பழைய கப்பல்களுக்கு இது எவ்வாறு பொருந்துகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022 ஜூலைக்கு முன் பொருத்தப்பட்ட ஈபிர்ப்பை, அது பழைய தரத்துக்கு இணங்கும் வரை, மாற்றச் சொல்லி சர்வதேச விதி வற்புறுத்துவதில்லை. கப்பல் பதிவாகியுள்ள கொடி நாடு தனியே ஆணையிட்டால் மட்டுமே மாற்ற வேண்டும். ஆண்டுதோறும் நடக்கும் ஈபிர்ப் சோதனையில் மின்கலக் காலாவதி, தாங்கியின் நீரழுத்த விடுவிப்பான், அடையாள எண், அலைவீச்சு ஆகியவை பார்க்கப்படுகின்றன. நிலையைச் சொல்லாத மிதவையும் இந்தச் சோதனையில் குறையின்றித் தேறிவிடும். கப்பலில் பணியேற்கும் அதிகாரி தன் ஈபிர்ப் எந்த வகை என்று அறிய வேண்டுமானால், சான்றிதழில் தேடுவதைவிடக் கருவியின் மேலுள்ள வில்லையையும் சோதனை அறிக்கையில் நிலைக்கான கட்டத்தையும் நேரில் பார்ப்பதே விரைவான வழி.